சோப்பு டப்பாவுக்குள் ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர்: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

இந்தச் செய்முறையைப் பின்பற்றி நீங்கள் செய்யப்போவது, ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரியில் இயங்கி உள்ளங்கையில் அடங்கும் ஸ்டீரியோ ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர். சூ மோய் என்பவர் 1990களின் பிற்பகுதியில் வெளியிட்ட இதன் அடிப்படை மின்சுற்று, 'சீமோய்' என்ற செல்லப்பெயரோடு உலகெங்கும் ஹெட்ஃபோன் ஆர்வலர்களின் முதல் கைவேலையாக இருந்துவருகிறது. வெளிநாட்டில் இதைப் புதினா மிட்டாய் தகரப் பெட்டிக்குள் அடைப்பது வழக்கம். நான் பிளாஸ்டிக் சோப்பு டப்பாவைப் பரிந்துரைக்கிறேன். அதற்கான காரணத்தை உரிய இடத்தில் சொல்கிறேன்.

செல்பேசியோடு வரும் சாதாரண இயர்ஃபோனுக்கு இந்தக் கருவி தேவையில்லை. ஆனால் சென்ஹைசர் எச்.டி. 600 போன்ற 300 ஓம் ஹெட்ஃபோனைச் செல்பேசியில் நேரடியாகச் செருகினால், ஒலியளவை முழுவதும் ஏற்றிய பிறகும் இசை தொலைவில் கேட்பதுபோல் மெலிந்திருக்கும். மின்தடை கூடிய ஹெட்ஃபோன் கேட்கும் மின்னழுத்தத்தைச் செல்பேசியால் கொடுக்க முடியாததே அதற்குக் காரணம். அந்தக் குறையை இந்தச் சிறு கருவி நிறைவாகவே தீர்த்துவைக்கும்.

முதல் படி: உதிரிகள் வாங்குதல்

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இது எளிது. அல்சூரிலிருந்து ஊதா வழித்தட மெட்ரோவில் ஏறி மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையம் சிக்பேட்டை. அங்கிருந்து நடந்தே, மின்னணு உதிரிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய்விடலாம். பட்டியலைச் சீட்டில் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். நான் சீட்டை நீட்டிய கடையில் கவுன்டரில் இருந்தவர், "குவார்ட்டர் வாட்டா, ஆஃப் வாட்டாண்ணா?" என்று தமிழிலேயே கேட்டார். ரெசிஸ்டருக்குக் கால் வாட் போதும்.

சீட்டில் இருக்க வேண்டியவை: 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் நான்கு, 1 கிலோ ஓம் இரண்டு, 100 கிலோ ஓம் இரண்டு, 10 கிலோ ஓம் ஒன்று, 16 வோல்ட்டோ 25 வோல்ட்டோ தாங்கும் 220 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் இரண்டு, 0.1 மைக்ரோஃபாரட் பிலிம் கண்டென்சர் இரண்டு; 10 கிலோ ஓம் இரட்டை வால்யூம் கண்ட்ரோல் ஒன்று, அதுவும் 'லாக்' (லாகரிதமிக்) வகை; 3.5 மி.மீ. ஸ்டீரியோ சாக்கெட் இரண்டு. எட்டுக் கால் ஐ.சி. பேஸ் (ஐ.சி. என்ற சில்லைச் செருகும் தாங்கி) ஒன்று, 3 மி.மீ. எல்.இ.டி. ஒன்று, ஆன்-ஆஃப் சுவிட்ச், 9 வோல்ட் பேட்டரி, அதற்கான கிளிப், சிறு துண்டு டாட் போர்டு (செம்பு வளையமிட்ட துளைகள் நிறைந்த அட்டை), பல நிற மெல்லிய வயர். பிலிம் கண்டென்சரின் மேல் 104 என்று அச்சிட்டிருந்தால் அது 0.1 மைக்ரோஃபாரட். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரில் மஞ்சள், ஊதா, சிவப்பு வளையங்கள் இருக்கும்.

ஐ.சி. மட்டும் இரண்டு வாங்குங்கள். சுற்றின் உயிரான ஓபிஏ2134 ஒன்று. சோதனைக்கு மலிவான டிஎல்072 ஒன்று. இரண்டுக்கும் கால் வரிசை ஒன்றே. முதல் மின்சாரத்தை மலிவான ஐ.சி. வாங்கிக்கொள்ளட்டும், எல்லாம் சரி என்று மீட்டர் சொன்ன பிறகு நல்ல ஐ.சி.யை அதே பேஸில் செருகிக்கொள்ளலாம். ஓபிஏ2134 என்ற பெயரில் போலிகளும் உலவுவதால், அதை மட்டும் பில் தரும் நம்பகமான கடையில் வாங்குவது நல்லது. எங்கும் எளிதில் கிடைக்கும் என்இ5532ஐ இந்தச் சுற்றில் தவிர்த்துவிடுங்கள். அது இரு பக்கமும் குறைந்தது 5 வோல்ட் எதிர்பார்க்கும் ஐ.சி., இங்கே கிடைப்பதோ நாலரை வோல்ட்.

25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் ஆகியவை கருவிகள். மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்று கண்டிப்பாகவே கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: ஈயம் வைக்கப் பழகுதல்

டாட் போர்டின் ஒரு மூலையில், தேவையற்ற கம்பித் துண்டுகளை வைத்து இருபது இணைப்புகள் போட்டுப் பாருங்கள். அயர்ன் முனையைக் கம்பியும் செம்பு வளையமும் சேருமிடத்தில் இரண்டு விநாடி வைத்துச் சூடேற்றி, ஈயத்தை அயர்ன் முனையில் வைக்காமல் இணைப்பின் மறுபக்கத்தில் தொட வேண்டும். சூடு சரியாக இருந்தால் ஈயம் தானாகவே ஓடிப் பரவி, குவித்த அரிசிபோல் கம்பியைச் சுற்றிச் சரிந்து பளபளப்பாக நிற்கும். மிளகுபோல் உருண்டு மங்கலாக நின்றால், அது வளையத்தைப் பிடிக்கவில்லை என்று பொருள், மறுபடியும் சூடேற்றுங்கள். சன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

மூன்றாம் படி: நடுப்புள்ளியை அமைத்தல்

இந்தச் சுற்றில் புரிந்துகொள்ளக் கடினமானதும் மிக அழகானதும் இந்தப் பகுதிதான். இசை என்ற மின்சைகை, பூச்சியத்துக்கு மேலும் கீழும் ஊசலாடுவது. ஆகவே ஐ.சி.க்கு பிளஸ், பூச்சியம், மைனஸ் என மூன்று நிலைகள் வேண்டும். பேட்டரியில் இருப்பதோ இரண்டு முனைகள். இரண்டு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, அந்தத் தொடரைப் பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையில் போட்டால், இரண்டும் சந்திக்கும் இடம் துலாக்கோலின் நடுமுள்போல் சரிபாதியில் நிற்கும். அங்கிருந்து பார்த்தால் பேட்டரியின் ஒரு முனை +4.5 வோல்ட், மறுமுனை -4.5 வோல்ட். அந்தச் சந்திப்பே நமது நடுப்புள்ளி. இனி இந்த விளக்கத்தில் 'நடுப்புள்ளி' என்று வரும் இடமெல்லாம் அதையே குறிக்கும். அது பேட்டரியின் மைனஸ் அன்று.

ரெசிஸ்டர்களுக்கு இணையாக 220 மைக்ரோஃபாரட் கண்டென்சர்களைப் போடுங்கள். முதல் கண்டென்சரின் பிளஸ் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மைனஸ் நடுப்புள்ளியிலும், இரண்டாவதன் பிளஸ் நடுப்புள்ளியிலும் மைனஸ் பேட்டரியின் மைனஸிலும் சேர வேண்டும். கண்டென்சர் உடலில் வெளிர் பட்டை ஓடும் பக்கம் மைனஸ். சுவிட்சைப் பேட்டரியின் பிளஸ் வயரில் போடுங்கள். சுவிட்சுக்குப் பின்னால், பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக எல்.இ.டி.யை இணையுங்கள், மங்கலாக எரிந்தாலும் பேட்டரி மிச்சமாகும்.

இப்போதே பேட்டரியை மாட்டி அளந்து பாருங்கள். மீட்டரின் கறுப்பு முனையை நடுப்புள்ளியில் வைத்தால், பிளஸ்ஸில் ஏறக்குறைய 4.5, மைனஸில் ஏறக்குறைய -4.5 காட்ட வேண்டும். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் இதற்கு மேல் ஓர் இணைப்புகூடப் போடாதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, 'கிரவுண்ட் என்றால் மைனஸ்தானே' என்று எண்ணி ஹெட்ஃபோன் சாக்கெட்டின் பொது முனையைப் பேட்டரியின் மைனஸில் சேர்த்துவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் காதில் 'டப்' என்று ஒரு சத்தம். அதன்பின் தங்கை ஆசையாக வைத்திருந்த இயர்ஃபோனின் இடப்பக்கம் கரகரத்து ஓய்ந்தது. இடைவிடாத நேர்மின்னோட்டம் (டி.சி.) அந்த மெல்லிய கம்பிச் சுருளைச் சுட்டுவிட்டது. மீட்டரை ஒரு நிமிடம் வைத்துப் பார்த்திருந்தால் அது தப்பியிருக்கும்.

நான்காம் படி: ஐ.சி.யைச் சுற்றியுள்ள இணைப்புகள்

ஐ.சி. பேஸின் வெட்டுக்குறி இடப்பக்கம் இருக்குமாறு மேலிருந்து பார்த்தால், கீழ்வரிசையின் இடக்கோடியில் இருப்பது முதலாம் கால். அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் எண்ண வேண்டும். ஆனால் ஈயம் வைக்கும்போது போர்டு கவிழ்ந்திருப்பதால் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் மாறிவிடும். முதன்முறை செய்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். அடிப்பக்கத்தில் ஒவ்வொரு காலுக்கும் அருகே மார்க்கரால் எண்ணை எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.

எட்டாம் கால் பிளஸ்ஸுக்கு, நான்காம் கால் பேட்டரி மைனஸுக்கு. இடது சேனலுக்கு மூன்றாம் காலிலிருந்து 100 கிலோ ஓம் நடுப்புள்ளிக்கு. அதே மூன்றாம் காலில் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரின் ஒரு முனை, அதன் மறுமுனை வால்யூம் கண்ட்ரோலுக்கு. இரண்டாம் காலிலிருந்து 1 கிலோ ஓம் நடுப்புள்ளிக்கு. இரண்டாம் காலுக்கும் முதலாம் காலுக்கும் இடையே 4.7 கிலோ ஓம். முதலாம் கால் இடப்பக்க வெளியீடு. வலது சேனலுக்கு இதே வரிசையில் மூன்றுக்குப் பதில் ஐந்து, இரண்டுக்குப் பதில் ஆறு, ஒன்றுக்குப் பதில் ஏழு.

மூல வடிவத்தில் 4.7 இருக்கும் இடத்தில் 10 கிலோ ஓம் இருந்தது. அப்போது மின்னழுத்தம் 11 மடங்கு பெருகும். இன்றைய செல்பேசிகளும், ஹெட்ஃபோனை இணைக்க அவற்றில் செருகும் டாங்கிள்களும் தரும் ஒலியளவுக்கு அது மிகை. வால்யூம் குமிழைச் சற்றே திருப்பியதும் காது அடைத்துவிடும், குமிழின் தொடக்கப் பகுதியில் இரு பக்க ஒலியும் சமமாகவும் இராது. 4.7 போட்டால் பெருக்கம் 5.7 மடங்கு. குமிழ் நடுவில் நிற்கும்போது நிதானமாகக் கேட்க முடிவதால், என் கணிப்பில் இதுவே பொருத்தமான அளவு.

ஐந்தாம் படி: வால்யூம் கண்ட்ரோலும் சாக்கெட்டுகளும்

வால்யூம் கண்ட்ரோலில் வரிசைக்கு மூன்று காலாக இரண்டு வரிசை இருக்கும். தண்டு உங்களை நோக்கியும் கால்கள் கீழ்நோக்கியும் இருக்கும்படி பிடித்தால், இடக்கால் நடுப்புள்ளிக்கு, நடுக்கால் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சருக்கு, வலக்கால் உள்ளீட்டு சாக்கெட்டுக்கு. சாக்கெட்டில் பிளக்கின் நுனி தொடுவது இடது சேனல், நடு வளையம் தொடுவது வலது, அடிப்பகுதி தொடுவது பொது. இரு சாக்கெட்டுகளின் பொது முனையும் நடுப்புள்ளிக்கே போக வேண்டும். குமிழைத் தொடும்போது 'ம்ம்ம்' என்று இரைச்சல் வராமலிருக்க, வால்யூம் கண்ட்ரோலின் உலோக உடலிலிருந்தும் ஒரு வயரை நடுப்புள்ளிக்கு இழுத்துவிடுங்கள்.

சோப்பு டப்பாவைச் சொன்ன காரணம் இதுதான். தகரப் பெட்டியில் சாக்கெட்டின் உலோகக் கழுத்து பட்டுப் பெட்டி முழுவதும் நடுப்புள்ளியாகிவிடும். பேட்டரி முனையோ ஏதேனும் ஒரு வயரோ உள்ளே உரசினால் போதும், சுற்று நிலைகுலைந்துவிடும். பிளாஸ்டிக்கில் அந்தக் கவலை இல்லை, துளையிடுவதும் எளிது.

ஆறாம் படி: ஹெட்ஃபோனுக்கு முன் மீட்டர்

டிஎல்072ஐப் பேஸில் செருகி, குமிழைப் பூச்சியத்தில் வைத்து, எதையும் செருகாமல் சுவிட்சைப் போடுங்கள். மீட்டரை மில்லிவோல்ட் நேர்மின்னழுத்த (டி.சி.) நிலையில் வைத்து, வெளியீட்டு சாக்கெட்டின் பொது முனைக்கும் இடது முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். பிறகு வலது முனையை. 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் எந்தப் பக்கம் காட்டினாலும் ஹெட்ஃபோனை மாட்டக் கூடாது. அந்தச் சேனலின் 1 கிலோ ஓம், 100 கிலோ ஓம் இணைப்புகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சரியாக இருந்தால் சுவிட்சை அணைத்து, ஓபிஏ2134ஐ மாற்றிச் செருகி, மறுபடியும் அளந்து பாருங்கள். என் கருவியில் இரு பக்கமும் 3 மில்லிவோல்ட்டுக்குள் நின்றது. அதன்பிறகும் முதலில் ஒரு பழைய இயர்ஃபோனையே செருகுங்கள்.

ஏழாம் படி: கேட்டல்

பாட்டைப் போடுவதற்கு முன், எதுவும் ஒலிக்காத நிலையில் குமிழை நடுவரை ஏற்றி, இரவு நேரத்தில் அமைதியைக் கேளுங்கள். இரைச்சல் இல்லையென்றால் ஈயவேலை சுத்தம். கரகரப்பு வந்தால், மரக்குச்சியால் ஒவ்வோர் இணைப்பையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். எதைத் தட்டும்போது சத்தம் மாறுகிறதோ அதுவே குற்றவாளி.

நான் முதலில் போடுவது கர்நாடகக் கச்சேரிப் பதிவு ஒன்று. சாமராஜ்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமநவமிக் கச்சேரிகளை ஆண்டுதோறும் நேரில் கேட்ட காது, மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கத் தோல்) எழுப்பும் அந்தக் குமுறல் எப்படி எழுந்து எப்படி அடங்கும் என்பதை அறியும். செல்பேசியில் நேரடியாகக் கேட்டபோது அது வெறும் 'தும்' என்று நின்றது. இந்தக் கருவி வழியாக அடிக்குப் பின் விரல் அழுத்தத்தில் சுருதி சற்றே மேலேறுவதும், பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில் தம்புராவின் பஞ்சமம் தொடர்ந்து கார்வையாக நிற்பதும் தெளிவாகக் கேட்டன. முதல் நாள் ஒரே ஆலாபனையை மூன்று முறை கேட்டேன். அம்மா கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போயிருந்தது.

கேட்கும் அளவிலும் கவனம் வேண்டும். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு. ஒலி தெளியத் தெளிய அளவை ஏற்றும் ஆசை வரும், ஏற்றாதீர்கள்.

இந்தச் சுற்று மொத்தமாக இழுப்பது ஏறக்குறைய 10 மில்லிஆம்பியர் என்பதால், நல்ல அல்கலைன் பேட்டரி ஒன்று 40, 50 மணி நேரம் தாங்கும். உரத்த இடங்களில் தாளவாத்தியம் உடைந்து கேட்கத் தொடங்கினால் பேட்டரியை அளந்து பாருங்கள். 7 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். சில வாரங்கள் ஊருக்குப் போவதென்றால், பேட்டரியைக் கழற்றி டப்பாவுக்கு வெளியே வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.