வீட்டுக்கடன் முடங்கினால் போஸ்ட்மேனைத் திருப்பி அனுப்பாதீர்கள்

எங்கள் ஊர் கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் நான் தன்னார்வலர். போன வாரம் வந்த மூன்று பேருமே 2018-ல் நான் அடித்த அதே கூத்தை அடித்திருந்தார்கள். தவணையைத் தேதிக்குக் கட்டுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. காசில்லாதவனுக்கு அது தெரியாதா என்ன.

நோட்டீஸை வாங்காமல் விடுவது

பதிவுத் தபால் வந்த அன்று கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அவர் ஊரில் இல்லை" என்று மனைவியைச் சொல்ல வைத்தேன். வாங்காவிட்டால் கேஸே நிற்காது என்பது பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன சட்டம். வந்தது சர்ஃபாசி சட்டத்தின் 13(2) நோட்டீஸ். கோர்ட்டுக்குப் போகாமலே அடமான வீட்டை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம் அது; பாக்கியை 60 நாளில் கட்டு என்பதுதான் அந்த நோட்டீஸ். 'வாங்க மறுத்தார்' என்று உறை திரும்பிப் போனாலும் நம்மிடம் சேர்ந்ததாகத்தான் கணக்கு, 60 நாள் கெடு ஓட ஆரம்பித்துவிடும். அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். நான் கட்டிய இரண்டு தவணை வரவிலேயே ஏறவில்லை என்பதை, உறையைப் பிரித்திருந்தால் அப்போதே எழுதிக் கேட்டிருப்பேன். கெடு முடிந்து, வீட்டை வங்கி சுவாதீனம் எடுத்ததாகக் கேட்டில் ஒட்டிய, பசை காயாத காகிதத்தைத் தெருவே நின்று படித்தது. தமிழ்ப் பேப்பரிலும் வந்து, மாமனார் அதைப் பார்த்துவிட்டுத்தான் போன் செய்தார். அப்புறம் அதை எதிர்த்து 45 நாளுக்குள் மனுப் போடக் கடன் மீட்புத் தீர்ப்பாயம், வக்கீல், மதுரைக்கு பஸ் என்று நான் அழுத காசில் நாலு தவணை கட்டியிருக்கலாம். இன்னும் எரிகிறது.

ஏலத்தன்று கட்டிக்கொள்ளலாம் என்பது

அது பழைய கதை. சர்ஃபாசி சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே மொத்தப் பாக்கியையும் செலவோடு கட்டினால்தான் வீட்டை மீட்கும் உரிமை.

கந்துவட்டி வாங்கித் தவணை கட்டுவது

வேண்டாம்.

முன்சீப் கோர்ட்டில் ஸ்டே

அநேகமாகக் கிடைக்காது, சிவில் கோர்ட் இதில் தலையிடுவதை அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு தடுக்கும்.

மக்கள் நீதிமன்றத்தில் தலையாட்டிவிட்டு வருவது

வங்கி ஒரு தொகைக்கு இறங்கி வந்ததும், மூன்று மாதத்தில் கட்டுகிறேன் என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தத் தீர்வு கோர்ட் டிக்ரிக்குச் சமம், அப்பீலும் கிடையாது. பணம் எங்கிருந்து, எந்தத் தேதியில் வரும் என்று தெரியாமல் பேனாவைத் தொடாதீர்கள், அவகாசம் கேளுங்கள்.

வக்கீலுக்குக் காசில்லை என்று வீட்டிலேயே இருப்பது

சட்டப் பணிகள் குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. கடனில் மனைவி பெயரும் இருந்தால் மனுவை அவரே போடட்டும். 15100-ல் கூப்பிட்டும் விசாரிக்கலாம். வரும்போது உறையையும் எடுத்து வாருங்கள், அதன் மேல் இருக்கும் தேதி முத்திரை எனக்கு வேண்டும்.