டர்பனில் உணவு வங்கிக்கு உதவுவது எப்படி? முதன்முறை போகிறவர்களுக்கு

தீபாவளி நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் பக்கம் கோயில் மண்டபங்களில் ஹேம்பர், அதாவது உதவிக்குக் கொடுக்கும் மளிகைப் பை, கட்டும் வேலை மும்முரமாக நடக்கும். அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாம் பைபையாக வரிசையில் நிற்கும். நல்ல காரியம், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஹேம்பர் போய்ச் சேர்ந்த வீட்டில் பிப்ரவரி மாதக் கடைசியில் என்ன வேகிறது என்று நம்மில் பலர் விசாரிப்பதில்லை. வருஷம் முழுக்க, வேண்டிய பொருளை வேண்டிய நாளில் கொண்டுபோய்ச் சேர்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்களும் இதைப் பார்த்துச் செய்யலாம்.

1. யாரிடம் போவது?

உணவு வங்கி என்பது ஒரு கிடங்கு. பண்ணைகளிலும் தொழிற்சாலைகளிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் மீந்துபோகும் நல்ல உணவை மொத்தமாகப் பெற்று, பதிவு பெற்ற அமைப்புகளுக்குப் பிரித்து அனுப்பும். பசித்தவர் அந்தக் கிடங்கின் வாசலில் போய் நிற்பதில்லை. அவர் போவது பக்கத்துத் தெரு சூப் கிச்சனுக்கு, அதாவது இலவசமாகச் சமைத்துப் போடும் சமையற்கட்டுக்கு. ஆகவே உதவி செய்ய உங்களுக்கு இரண்டு இடங்கள் உண்டு: மேலே கிடங்கு, கீழே சமையற்கட்டு.

கிடங்கு வேலையை நாடு முழுவதும் செய்வது ஃபுட்ஃபார்வர்ட் எஸ்.ஏ. 2009-இல் தொடங்கிய அமைப்பு. 2019-இல் வந்த எஸ்.ஏ. ஹார்வெஸ்ட்டும் இதே பாதையில் போகிறது. டாக்டர் இம்தியாஸ் சூலிமான் 1992-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தொடங்கிய கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ் பேரிடர் நிவாரணத்துக்குப் பேர்போனது. 2022 ஏப்ரலில் டர்பனைத் தாக்கிய வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். இவை தவிர உங்கள் ஊர்க் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு சமையற்கட்டு இருக்கும். புதியவர்கள் அங்கேயே தொடங்கட்டும் என்பது என் கருத்து. நடந்து போகிற தூரத்தில் இருந்தால்தான் மழையிலும் போவீர்கள்.

உலகின் முதல் உணவு வங்கி 1967-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் தொடங்கியது. அந்த ஊரின் பெயரும் ஃபீனிக்ஸ்தான்! 1904-இல் காந்தி குடியிருப்பு அமைத்த நம் ஃபீனிக்ஸில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்வதில் எனக்குத் தனி சந்தோஷம்.

2. பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்

என்.பி.ஓ. (லாப நோக்கமற்ற அமைப்பு) பதிவு எண்ணைக் கேளுங்கள். சமூக மேம்பாட்டுத் துறையின் பட்டியலில் அந்த எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஒழுங்காக நடத்துகிறவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். சிறிய சமையற்கட்டுகள் பலவற்றுக்குப் பதிவு இருக்காது. அங்கே பணம் கொடுக்காமல் பொருளும் உழைப்பும் கொடுங்கள்.

வருமான வரி கட்டுகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: பிரிவு 18ஏ ரசீது உண்டா? அந்த ரசீது இருந்தால், வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை நன்கொடையைக் கழித்துக் காட்டலாம். நீங்கள் உழைத்த நேரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. கோயிலில் வழிபாட்டுச் செலவுக்குக் கொடுக்கும் பணத்துக்கும் கிடையாது. சில கோயில்கள் நலப்பணிக்கென்று தனியாக ஓர் அமைப்பைப் பதிவு செய்து வைத்திருக்கும். அதன் பெயரில் ரசீது வருகிறதா என்று பாருங்கள்.

3. வாங்குவதற்கு முன் ஃபோன் செய்யுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். ‘இந்த வாரம் உங்களிடம் எது தீர்ந்துபோயிற்று?’ என்று கேளுங்கள். ‘என்ன வேண்டும்?’ என்று கேட்டால் ‘எதுவானாலும் சரிங்க’ என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவார்கள். தீர்ந்துபோனது எது என்று கேட்டால் உண்மை வரும்: உப்பு, வெங்காயம், காஸ் சிலிண்டர், பாத்திரம் கழுவும் சோப்பு. எல்லோரும் அரிசி கொண்டுவருவதால் அலமாரியில் அரிசி மூட்டை அடுக்கியிருக்கும். பக்கத்தில் மஞ்சள்தூள் டப்பா காலியாக இருக்கும்.

அப்புறம், யாருக்குப் போகிறது என்பதையும் கேளுங்கள். சமையற்கட்டுக்கு என்றால் காய்ந்த ஷுகர் பீன்ஸ் தாராளமாக வாங்கலாம். பெரிய பாத்திரம் இருக்கிறது, காஸ் இருக்கிறது, இரவே ஊறப்போட ஆள் இருக்கிறது. வீட்டுக்குப் போகும் ஹேம்பர் என்றால் அதே பீன்ஸ் பாரமாகிவிடும். ப்ரீபெய்ட் மீட்டரில் காசு போட்டு மின்சாரம் வாங்குகிற வீட்டில், மணிக்கணக்காக வேகும் ஒரு பொருளைக் கொடுத்தால் கறியை விட கரண்டுக்கு அதிகம் செலவாகும். அந்த வீட்டுக்கு மைசூர் பருப்பு நல்லது, ஊறவைக்காமலே சீக்கிரம் வெந்துவிடும். டின் வாங்கினால் வளையம் இழுத்துத் திறக்கும் வகையாகப் பாருங்கள். டின் திறக்கும் கருவி எல்லோர் வீட்டிலும் இருக்காது.

ஹலால் முத்திரை உள்ளதாக வாங்கினால் பகிர்ந்து கொடுக்கிறவர்களுக்கு வேலை சுலபம். நம் ஏரியாக்களில் எல்லாச் சமயத்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். புரட்டாசியில் நாம் விரதம் இருந்தாலும் பில்ச்சர்ட் மீன் டின்னைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. வாங்கிப் போகிறவருக்கு அது குறைந்த விலையில் கிடைக்கும் நல்ல புரதம். உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால் பட்டாணியோ பால் பவுடரோ கொடுங்கள்.

4. வரியில்லாத பொருளாகப் பார்த்து வாங்குங்கள்

தென்னாப்பிரிக்காவில் வாட் வரி 15 சதவீதம். அரசு சில அடிப்படை உணவுகளுக்கு அதைப் பூஜ்யமாக வைத்திருக்கிறது: மீலி மீல் (மக்காச்சோள மாவு), சாம்ப் (உடைத்த மக்காச்சோளம்), அரிசி, காய்ந்த பீன்ஸ், பருப்பு, பில்ச்சர்ட் டின், பால், பால் பவுடர், முட்டை, சமையல் எண்ணெய், பழம், காய்கறி, பிரவுன் பிரெட். வெள்ளை பிரெட்டுக்கு வரி உண்டு. பேக்ட் பீன்ஸ் டின்னுக்கும் உண்டு. வரியுள்ள பொருளில் நீங்கள் செலவழிக்கும் ஒவ்வொரு 100 ராண்டிலும் சுமார் 13 ராண்ட் வரியாகப் போகிறது. 1000 ராண்டுக்கு ஹேம்பர் வாங்குகிறவர் இந்தப் பட்டியலுக்குள்ளேயே நின்றால் அந்த 130 ராண்டும் பையில் உணவாக மாறும். நம் ஆயாக்கள் சமைத்த சமையலுக்கு வேண்டியதில் பெரும்பகுதி இந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது.

5. தேதியையும் டின்னையும் பாருங்கள்

‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது சுவை குறையத் தொடங்கும் தேதி. அது கடந்த பாஸ்தாவும் பிஸ்கட்டும் பல நேரம் நன்றாகவே இருக்கும். ஏற்பதா வேண்டாமா என்பதை அமைப்பு முடிவு செய்யட்டும். ‘யூஸ் பை’ என்பது பாதுகாப்புக்கான தேதி. அது கடந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், கொடுக்கக் கூடாது.

டின் பக்கவாட்டில் லேசாக நசுங்கியிருந்தால் பரவாயில்லை. மேல் விளிம்பிலோ நீளவாட்டு மடிப்பிலோ நசுங்கியிருந்தால், துருப்பிடித்திருந்தால், மூடி உப்பியிருந்தால் தூக்கிப்போடுங்கள். உப்பிய டின்னில் உயிரைப் பறிக்கும் நஞ்சு இருக்கலாம். மீலி மீல் பையை வெளிச்சத்தில் பிடித்து மூலைகளைப் பாருங்கள். மாவு நூல் கட்டியதுபோல் ஒட்டிக்கிடந்தால் உள்ளே பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். நம் வீட்டில் சமைக்கத் தயங்கும் பொருளை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

6. முதல் நாள் வேலை

விரல் மூடிய செருப்பு, கட்டிய தலைமுடி, வெட்டிய நகம். மோதிரத்தையும் வளையலையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால் அன்று போகவே வேண்டாம், ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள்.

கிடங்கில் என்றால் பெரும்பாலும் பிரிக்கும் மேஜை. ஒருவர் தேதி பார்ப்பார், ஒருவர் வகை பிரிப்பார், ஒருவர் எடை போடுவார். பெரிய மூட்டையைப் பிரித்துச் சிறு பைகளாகக் கட்டும் வேலை சுலபமாகத் தெரியும். ஆனால் ஒரு பையில் கூடி இன்னொன்றில் குறைந்தால் வாசலில் சண்டை வரும். தராசைப் பார்த்துக் கட்டுங்கள்.

சமையற்கட்டில் புதியவர்களுக்கு முதலில் வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான் கிடைக்கும். அங்கே பல வருஷமாக இருக்கும் ஆன்ட்டி ஒருவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே நறுக்குங்கள். உங்கள் வீட்டு முறையை முதல் நாளே சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். பீன்ஸ் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிஷம் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகுதான் தீயைக் குறைக்க வேண்டும். சரியாகக் கொதிக்காத பீன்ஸ் வாந்தி எடுக்க வைக்கும்.

பரிமாறும் நேரம்தான் மனசுக்கு நெருக்கமானது. பிள்ளைகள் 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு வருவார்கள். சிலர் இரண்டு டப்பா நீட்டுவார்கள், இன்னொன்று படுத்திருக்கும் பாட்டிக்கு. கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றுங்கள். மேலாக மொண்டால் முதலில் வருகிறவருக்குத் தண்ணீரும் கடைசியில் வருகிறவருக்குப் பருப்பும் போகும். முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள், ஜூலு மொழியில் ‘சவுபோனா’ சொல்லுங்கள். ஏன் வந்தீர்கள், வேலை இல்லையா என்று விசாரிக்காதீர்கள். ஃபோட்டோ எடுக்காதீர்கள். ஸ்பான்சருக்குக் காட்ட வேண்டுமென்றால் அடுக்கிவைத்த பைகளை எடுங்கள். கையேந்துகிற முகம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றக் கூடாது.

7. எந்த வாரம்?

சாஸ்ஸா என்ற அரசு நிறுவனம் தரும் உதவித்தொகை மாதத் தொடக்கத்தில் வருகிறது. முதியோருக்கு முதலில், பிள்ளைகளுக்கான தொகை ஓரிரு நாள் கழித்து. அந்த வாரம் சமையற்கட்டு வரிசை சிறிதாக இருக்கும். மூன்றாவது, நான்காவது வாரம் தெருவைத் தாண்டும். உங்களால் மாதத்தில் ஒரு நாள்தான் முடியும் என்றால் 20-ஆம் தேதிக்குப் பிறகு போங்கள். ஜூலை 18 மண்டேலா தினத்தில், அவர் பொதுவாழ்வில் உழைத்த 67 வருஷத்தை நினைத்து 67 நிமிஷம் கொடுக்க எல்லா இடத்திலும் ஆள் குவிவார்கள், நிற்க இடம் இருக்காது. பள்ளி திறக்கும் ஜனவரியில் யூனிஃபார்ம், புத்தகம் என்று வீட்டுப் பணம் கரைந்திருக்கும். அப்போது போனால் உங்கள் கைக்கு வேலை காத்திருக்கும்.

8. பணமாகக் கொடுப்பது

பெரிய அமைப்புகளுக்குப் பொருளை விடப் பணமே அதிகம் பயன்படும். உணவு அவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. லாரியின் டீசலும் குளிர்சாதன அறையின் மின்சாரமும் இலவசமில்லை. ஒரு முறை பெரிய தொகை கொடுப்பதை விட, சிறியதாக மாதாமாதம் டெபிட் ஆர்டர் போடுவது அவர்கள் திட்டமிட உதவும்.

9. விசேஷ வீட்டில் மீந்த சாப்பாடு

இந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டன் உணவு வீணாகிறது என்பது தென்னாப்பிரிக்காவின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர். செய்த ஆய்வின் கணக்கு. நம் கல்யாணங்களிலும் அது நடக்கிறது. டெக்கில், அதாவது பெரிய சமையல் அண்டாவில், பாதி பிரியாணி மீந்துபோய், இரவு பத்து மணிக்கு மேல் ‘யாருக்காவது கொடுத்துவிடலாமே’ என்று தேடுவோம். அந்த நேரத்தில் வாங்க ஆள் இருக்காது. மூடிவைத்த டெக்கில் சோறு மணிக்கணக்காக இளஞ்சூட்டில் இருந்தால் கிருமி பெருகும், மறுபடி சூடாக்கினாலும் அதன் நஞ்சு போகாது.

ஆகவே ஒரு வாரம் முன்பே பேசி வையுங்கள். இரவில் வாங்கிக்கொள்ளும் இல்லம் எது, எத்தனை பேர், குளிர்ப்பெட்டியில் இடம் இருக்கிறதா? சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் சூடாகவே போய்ச் சேர வேண்டும். முடியாவிட்டால் பந்தி முடிந்த உடனே ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி ஆறவிட்டு, 5 டிகிரிக்குக் கீழே குளிரில் வைக்க வேண்டும். இலையில் போட்டதைச் சேர்க்காதீர்கள். டெக்கை விட்டு வெளியே வராததுதான் கொடுக்கத் தகுந்தது. தேங்காய்ச் சட்னியும் தயிர் கலந்ததும் வேண்டாம். வாங்க வருகிறவரின் ஃபோன் எண்ணைச் சமையல்காரரிடமும் கொடுத்து வையுங்கள். கடைசிப் பந்தி உட்காரும்போதே அவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டால், டெக் ஆறுவதற்குள் வண்டி வந்துவிடும்.