பிள்ளைக்கு எண்ணப் பழக்குவோம்: ஒரு சிரட்டையும் பத்துச் சோகியும் போதும்

முன்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மாமார் பெரும்பாலும் முதலில் சொல்வது இதுதான்: "ரீச்சர், இவன் இருபது மட்டும் சொல்லுவான்." பிள்ளையும் ஒரே மூச்சில் சொல்லிக் காட்டும். மேசையில் கிடக்கும் போத்தல் மூடிகளைக் காட்டி "இதில எத்தின இருக்கு, மனே?" என்று கேட்டால் விரல் ஒரு வேகத்தில் ஓடும், வாய் இன்னொரு வேகத்தில் ஓடும். ஐந்து மூடி எட்டு மூடியாகிவிடும்.

பிள்ளையில் ஒரு குறையும் இல்லை. எண்களின் பெயரை வரிசையாகச் சொல்வது ஒரு திறமை, அதை வைத்துப் பொருள்களை எண்ணுவது வேறொரு திறமை. இரண்டாவது கைவர மாதக்கணக்கில் ஆகும். அதைப் பழக்கக் கடையில் எதுவும் வாங்கத் தேவையில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வீடுகளில் கிடக்கும் சாமான்களே தாராளம். மூன்று வயதிலிருந்து தரம் ஒன்றுக்குப் போகும்வரை இந்தப் படிகள் பொருந்தும்.

என்னென்ன வேண்டும்?

நன்றாகச் சுரண்டிய ஒரு சிரட்டை, ஒரு தட்டு, ஒரே மாதிரியான பத்துச் சாமான். போத்தல் மூடி, கடற்கரையில் பொறுக்கிய பெரிய சோகி, சிப்பி எதுவும் சரி.

புளியங்கொட்டையும் கச்சானும் கைக்குச் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் சிக்கக்கூடியவை. எதையும் வாயிலோ மூக்கிலோ போட்டுப் பார்க்கும் பிள்ளைக்குக் கொடுக்கவே வேண்டாம். குண்டுமணி பார்க்க அழகு, ஆனால் நஞ்சு. சுடாத முந்திரிக்கொட்டையின் ஓட்டில் உள்ள பால் தோலைப் பொசுக்கிவிடும், அதையும் தள்ளி வையுங்கள். எந்தச் சாமான் என்றாலும் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

படி 1: வரிசை பிசகாமல் சொல்லுதல்

முதலில் ஐந்து மட்டும். அது தடுமாறாமல் வந்தபிறகு பத்து. ஊஞ்சல் ஆட்டும்போதும் வாசற்படி ஏறும்போதும் சொல்லிக்கொண்டே போங்கள். வீட்டில் "அஞ்சு", முன்பள்ளியில் "ஐந்து" என்று இருந்தால் பிள்ளை இரண்டையும் பழகிக்கொள்ளும், பயமில்லை. பத்துக்கு மேலே அவசரம் வேண்டாம். பன்னிரண்டும் பத்தொன்பதும் பல பிள்ளைகளுக்கு இடறுகிற இடங்கள்.

படி 2: ஒரு சொல்லுக்கு ஒரு சாமான்

ஐந்து மூடிகளை வரிசையாக வையுங்கள். பிள்ளை ஒன்றை எடுத்துச் சிரட்டைக்குள் போட வேண்டும். அது டொக்கென்று விழும்போது "ஒன்று". அடுத்தது விழும்போது "இரண்டு". சிரட்டைக்குள் போனது போனதுதான், அதை மறுபடி எண்ண வழியில்லை. எண்ணியதையும் எண்ணாததையும் பிரித்து வைக்கும் வேலையைச் சிரட்டை செய்துவிடுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சில பிள்ளைகள் "மூ" என்று ஒரு மூடியையும் "ன்று" என்று அடுத்த மூடியையும் போடுவார்கள். நம் எண்களில் பல இரண்டு அசையாகப் பிரிவதால் வரும் குழப்பம் இது. கத்தத் தேவையில்லை. பிள்ளையின் கையை மெதுவாகப் பிடித்து, முழுச் சொல்லும் முடிந்தபிறகு கையை விடுங்கள். சில நாளில் தானாகச் சரியாகும்.

இது பழகியதும் சிரட்டையை எடுத்துவிடலாம். வரிசையில் இருப்பதைத் தொட்டு மட்டும் எண்ணட்டும், பிறகு தட்டில் சிதறிக் கிடப்பதை. வட்டமாக அடுக்கி வைத்ததுதான் எல்லாவற்றிலும் கடினம், எங்கே தொடங்கியது என்று மறந்துபோகும்.

படி 3: "எத்தனை?"

ரோஷல் கெல்மன், கலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978 இல் எண்ணுதலுக்கு ஐந்து விதிகளைச் சொன்னார்கள். அவற்றில் நான் பெரிதாக நினைப்பது இது: எண்ணும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம்.

நமக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைக்கு அப்படி இல்லை. நான்கு சோகியைச் சரியாகத் தொட்டு எண்ணி முடிக்கும். "சரி, எத்தனை சோகி?" என்றால் மறுபடி "ஒன்று, இரண்டு..." என்று தொடங்கிவிடும். "எத்தனை" என்றால் எண்ணிக் காட்டச் சொல்கிறார்கள் என்று அது நினைத்திருக்கிறது.

இதற்கு நல்ல இடம் சாப்பாட்டுத் தட்டு. இடியப்பம் வைக்கும்போது முதலில் மொத்தத்தைச் சொல்லுங்கள்: "இந்தா, மூன்று இடியப்பம்." பிறகு தொட்டு எண்ணுங்கள்: "ஒன்று, இரண்டு, மூன்று." முடித்ததும் தட்டைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டு மறுபடி: "மூன்று இடியப்பம்." அந்த வட்டம் முக்கியம். கடைசி இடியப்பத்தின் பெயர்தான் மூன்று என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது. எல்லாம் சேர்ந்துதான் மூன்று.

இன்னொரு நாள் மறுபக்கத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். அப்போதும் மூன்று வருவதைக் கண்டு சில பிள்ளைகள் உண்மையிலேயே ஆச்சரியப்படுவார்கள்.

படி 4: "மூன்று எடுத்துத் தா"

பிள்ளைக்கு எண் விளங்கிவிட்டதா என்று அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கரன் வின் என்ற ஆய்வாளர் 1990 இல் இப்படிக் கேட்டுத்தான் பார்த்தார். சரளமாக எண்ணிக் காட்டும் பிள்ளைகள்கூட, சில பொருள்களை எடுத்துத் தரச் சொன்னபோது எண்ணாமல் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்தார்கள்.

சமையலுக்கு வெங்காயம் வெட்டும்போது கேளுங்கள்: "மகள், அம்மாக்கு ரெண்டு வெங்காயம் எடுத்துத் தாங்க." சரியாகத் தந்தால் இன்னொரு நாள் மூன்று. மூன்றுக்கு ஒரு கை நிறைய வருகிறதா? அப்படியானால் உங்கள் பிள்ளைக்கு இரண்டு வரைக்கும்தான் விளங்கியிருக்கிறது, இருபது வரை சொன்னாலும்கூட. கொஞ்ச நாளைக்கு மூன்றிலேயே நில்லுங்கள்.

"பிழை" என்று சொல்லாதீர்கள். "வா, எண்ணிப் பார்ப்போம்" என்று சேர்ந்து எண்ணி, கூடுதலானதைப் பிள்ளையின் கையாலேயே திரும்ப வைக்கச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் போக ஒவ்வொரு பிள்ளைக்கும் சில மாதங்கள் ஆகலாம். நான்கைத் தாண்டிய பிறகு மற்ற எண்கள் வேகமாக வரும்.

படி 5: பார்த்ததும் சொல்லுதல், தொடாமல் எண்ணுதல்

கொக்கான் கற்களில் இரண்டையோ மூன்றையோ உள்ளங்கையில் வைத்துச் சட்டென்று திறந்து மூடுங்கள். எண்ணாமலே சொல்லட்டும். பிறகு தொட முடியாதவை: கைதட்டல், கோயில் மணியோசை, கல்லடிப் பாலத்தில் நின்றால் வாவியில் தெரியும் தோணிகள்.

படி 6: இலக்கம் எழுதுதல்

பல வீடுகளில் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பென்சிலைப் பிடிக்கவே கஷ்டப்படும் விரலுக்கு ஒரு பக்கம் முழுக்க 3 எழுதும் வேலை. அது வேண்டாம். கடற்கரை மணலில் 3 என்று பெரிதாகக் கீறி, அதன் மேல் பிள்ளையின் விரலை ஓடவிட்டு, பக்கத்தில் மூன்று சிப்பி வைக்கச் சொல்லுங்கள். வெறும் சிரட்டையைக் காட்டி 0 சொல்லிக் கொடுக்கலாம்.

ஒரு நாளைக்கு ஐந்து, பத்து நிமிடம் போதும். பிள்ளை எழுந்து ஓடினால் அன்றைக்கு அவ்வளவுதான், விட்டுவிடுங்கள். தரம் ஒன்று நெருங்கியும் மூன்று சாமானை எண்ணி எடுக்க முடியாமல் இருந்தால் முன்பள்ளி ஆசிரியரிடம் பேசுங்கள், காதையும் கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். சில பிள்ளைகளுக்குச் சரியாகக் கேட்காததுதான் காரணமாக இருக்கும்.