ஊர்க் கிணறும் மீன் தொட்டியும்: வன்னிக்குத் திரும்பி வருபவர்களுக்கு

பெட்டிகளைப் பிரித்து, கேற்றுக்குப் பூட்டு வாங்கி, மின்கட்டணப் பட்டியலில் பெயரை மாற்றி முடிப்பதற்குள் பிள்ளைகள் மீன் தொட்டி கேட்கத் தொடங்கிவிடுவார்கள். ரொறன்ரோவில் விட்டுவந்த தொட்டிக்கு ஈடு இங்கே வேண்டும் என்று எங்கள் வீட்டிலும் நச்சரிப்பு நடந்தது. தொட்டியையும் மீனையும் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரே நாளில் வாங்கிவிடலாம். தண்ணீர்தான் யோசிக்க வைக்கும்.

அங்கே பழகிய வழக்கம் இங்கே அப்படியே பொருந்தாது. ரொறன்ரோவிலும் லண்டனின் பெரும்பகுதியிலும் குழாய் நீரில் கிருமி கொல்ல இருப்பது குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமைன். அது வாளியில் ஓரிரவு வைத்தாலும் போகாது. அதனால்தான் அங்கே மருந்துப் போத்தல் இல்லாமல் எவரும் தண்ணீர் மாற்றுவதில்லை. வன்னியில் பெரும்பாலான வீடுகளுக்குக் கிணறுதான். கிணற்று நீரில் வழமையாகக் குளோரின் கிடையாது. அதற்குப் பதிலாகக் கல்சியமும் மகனீசியமும் வேண்டிய மட்டும் கிடைக்கும்.

உங்கள் கிணறு எப்படிப்பட்டது என்பதைக் கேத்தலிடம் கேளுங்கள். ஒரு மாதத்தில் அடியில் வெள்ளைப் படை கட்டினால் வன்னீர், அதாவது கல்சியமும் மகனீசியமும் கூடிய கடின நீர். சவர்க்காரம் நுரைக்க அடம்பிடித்தால் சந்தேகமே வேண்டாம். பூநகரி, முருங்கன் பக்கம் சுண்ணக்கல் நிலம், அங்கே இது எதிர்பார்த்ததுதான். கரையை விட்டு உள்ளே வந்தால் அடியில் கருங்கல், நீர் கடினமாக இராது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். வவுனியாவிலும் கடினமான நீருள்ள கிணறுகள் உண்டு. கரையோரமாகக் காணி வாங்கியிருந்தால் சவர்த்தன்மையையும் பாருங்கள். ஆய்வுகூட அறிக்கை எடுத்தால் கடினத்தன்மை லீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில் வரும், மீன் வளர்ப்புக் கையேடுகளோ பாகையில் பேசும். அறிக்கையிலுள்ள எண்ணை 17.9 ஆல் வகுத்தால் பாகை கிடைக்கும். 360 என்று இருந்தால் ஏறக்குறைய 20 பாகை.

20 பாகை நீரில், கடினத்தன்மை குறைந்த மென்னீரை விரும்பும் நியோன் டெட்ராவையும் டிஸ்கஸையும் வளர்க்க ஆசைப்பட்டால் காலம் முழுவதும் தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டும். நான் மல்லுக்கட்டிப் பார்த்தேன், ஆறு மாதத்தில் கைவிட்டேன். கப்பி, மொலி, பிளாட்டி, வாள்வால் மீன் எல்லாம் இந்த நீரில் குட்டி போட்டுப் பெருகும். கிணற்றுக்கேற்ற மீனை வாங்குங்கள். மீனுக்கேற்றபடி கிணற்றை மாற்ற முடியாது.

புதியவர்கள் அதிகம் தவறுவது ஓரிடத்தில்: நீர் மாற்றுவதையும் குறைந்த நீரை நிரப்புவதையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். வன்னிக் கோடையில் திறந்த தொட்டி கண்முன்னே வற்றும். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கிவிடும். அந்தக் குறையைக் கிணற்று நீரால் நிரப்பினால் ஒவ்வொரு தடவையும் கடினத்தன்மை ஒரு படி ஏறும். எனவே நிரப்புவதற்கு மழை நீர், அல்லது குடிநீருக்காகக் கலனில் வாங்கும் சுத்திகரித்த நீர். மாற்றுவதற்கு, மீன் பழகிய அதே கிணற்று நீர், வாரத்துக்குக் கால் பங்கு.

சுத்திகரித்த நீர் நல்லதுதானே, முழுத் தொட்டிக்கும் அதையே ஊற்றினால் என்ன என்று கேட்பார்கள். மனிதருக்கு நல்லதெல்லாம் மீனுக்கு நல்லதாகிவிடாது. அந்த நீரில் அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கும் காபனேற்று மிகக் குறைவு. மீன் கழிவால் அமிலம் கூடும்போது, நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு திடீரென்று சரிந்துவிடும். மென்னீர் வேண்டுமானால் கிணற்று நீருடன் பாதிக்குப் பாதி கலவுங்கள். விகிதத்தை வாரத்துக்கு வாரம் மாற்றாதீர்கள்.

மழை நீரும் மென்னீர்தான், அதே எச்சரிக்கை அதற்கும் உண்டு. மாரியின் முதல் மழை கூரையிலுள்ள தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு பீலியில் இறங்கும். அதை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நல்ல மழைக்குப் பிறகு பிடியுங்கள். ஓட்டுக் கூரை நல்லது. துத்தநாகத் தகரமென்றால் நான் பிடிக்க மாட்டேன், துத்தநாகம் மீனுக்கு நஞ்சு.

குழாய்க் கிணற்று நீரை எடுத்தவுடன் ஊற்ற வேண்டாம். ஆழத்திலிருந்து வரும் நீரில் ஒட்சிசன் குறைவாகவும் காபனீரொட்சைட்டு கூடுதலாகவும் இருக்கலாம். வாளியில் காற்றுக்குழாயைப் போட்டு ஓரிரவு விடுங்கள். இரும்பு இருந்தால் காலையில் செம்மண் நிறத்தில் அடியில் படிந்திருக்கும், மேல்நீரை மட்டும் எடுக்கலாம். கூரைமேல் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கியிலிருந்து பிற்பகலில் நேரே பிடித்து ஊற்றுவது மீனுக்கு வெந்நீர்க் குளியல். விடியற்காலையில் பிடியுங்கள்.

2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தது பலருக்கும் நினைவிருக்கும். வெள்ளம் வடிந்த பிறகு கிணறுகளை இறைத்துக் குளோரின் தூள் போடுவது வழக்கம். ஒரு மாரியில், நான் வெளியூரில் நின்ற நேரம், எங்கள் பொதுக் கிணற்றுக்கும் போட்டிருந்தார்கள். திரும்பி வந்தவன் எவரிடமும் கேட்காமல் இரண்டு வாளி ஊற்றினேன். மாலைக்குள் பதினொரு மீன் மிதந்தது. இப்போது மாரிக்காலத்தில் வாளியை முகர்ந்து பார்க்காமல் ஊற்றுவதில்லை. குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்பேற்று கரைசல் ஒரு சிறு போத்தலும் வைத்திருக்கிறேன். நகரக் குழாய் இணைப்பு உள்ளவர்களுக்கும் அது தேவைப்படும்.

குளத்து நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வேண்டாம். வயலில் தெளித்த மருந்தும் உரமும் வாய்க்கால் வழியே அங்கே சேரலாம், நத்தையும் ஒட்டுண்ணியும் இலவசம்.

தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரை முற்றத்தில் கொட்டாதீர்கள். உப்புச் சேர்க்காத தொட்டி என்றால் அது வாழைக்கு உரம். எங்கள் கதலி இந்த வருடம் இரண்டு குலை தள்ளியிருக்கிறது.