வரைபடத்தைத் தரையில் விரியுங்கள்: நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கும் முறை

ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். தொடக்கத்தில் வந்த ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மாநிலங்களையும் தலைநகரங்களையும் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பான். ஒருநாள், "வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். சற்றும் யோசிக்காமல் கூரையைக் காட்டினான். "தீவு என்றால் என்ன?" என்றதற்கு, "நான்கு புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி" என்று புத்தகத்தில் உள்ளபடியே சொன்னான். "நீ தீவைப் பார்த்திருக்கிறாயா?" "இல்லை மிஸ்." காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஊரில் பிறந்து, தினமும் பாலம் தாண்டித் திருச்சிக்குப் பள்ளிக்குப் போய்வருகிற பிள்ளை அவன்.

அவன் மேல் குற்றமில்லை. அவன் பார்த்த வரைபடமெல்லாம் சுவரில் தொங்கியது. சுவரில் வடக்கு மேலேதான் இருக்கும். அன்றைக்கே நான் வரைபடத்தைக் கழற்றித் தரையில் விரித்தேன். புதிதாக டியூஷன் தொடங்குகிறவர்களுக்கும், சொந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கும் நான் பின்பற்றும் வரிசையை இங்கே எழுதுகிறேன். வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் போதும். ஒரு தமிழ்நாட்டு வரைபடம், ஒரு அட்லஸ், நூல்கண்டு, தீப்பெட்டி, பழைய தாம்பாளம், கொஞ்சம் மணல், ஒரு பந்து, டார்ச் லைட் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: திசையை நிழலில் கண்டுபிடிப்பது

முதல் வகுப்பில் புத்தகத்தைத் திறக்காதீர்கள். காலை பத்தரை மணி வாக்கில் மொட்டை மாடியிலோ வாசலிலோ ஒரு குச்சியை நேராக நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல்லை வைக்கச் சொல்லுங்கள். இருபது நிமிடம் கழித்து நிழல் நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல்லிலிருந்து இரண்டாம் கல்லுக்குச் சாக்பீஸால் கோடு இழுத்தால், அது ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்கே போகும் கோடு. பிள்ளை கிழக்கைப் பார்த்து நிற்கட்டும்: இடக்கைப் பக்கம் வடக்கு, வலக்கைப் பக்கம் தெற்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை. "நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும்" என்று சிலர் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். டில்லிக்கு அது சரி, நமக்குச் சரியில்லை. திருச்சி கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். கோடை விடுமுறையில் ஒரு முறை, பொங்கல் விடுமுறையில் ஒரு முறை இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். நிழல் பக்கம் மாறியதைத் தானே கண்ட பிள்ளைக்குக் கடகரேகை வெறும் கோடாக இருக்காது.

இரண்டாம் படி: தெருவை வரையச் சொல்வது

அடுத்த வகுப்பில் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "உன் வீட்டிலிருந்து இங்கே வந்த வழியை வரை" என்று சொல்லுங்கள். திருத்தாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்தப் பையன் முதலில் தன் வீட்டை வரைந்தான். பிறகு பெட்டிக்கடை, அடிகுழாய், தெருமுனையில் படுத்திருக்கும் நாயைக்கூட விடவில்லை. கடைசியாக மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ராஜகோபுரம். 236 அடி உயரக் கோபுரத்தைவிட அவன் வீடு நான்கு பங்கு பெரிதாக இருந்தது.

சிரிக்கவும் கூடாது, அழித்து வரையச் சொல்லவும் கூடாது. அவனுக்கு முக்கியமானது பெரிதாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். "எது எவ்வளவு தூரம் என்று பார்ப்போமா?" என்று கேட்டு அழைத்துப் போங்கள். நடந்து, காலடியை எண்ணுங்கள். நூறு காலடிக்கு ஒரு தீக்குச்சி என்று வைத்துக்கொண்டு, தாளில் தீக்குச்சிகளை ஒட்டவையுங்கள். வீட்டிலிருந்து பெட்டிக்கடைக்கு ஒன்றரைக் குச்சி, கடையிலிருந்து டியூஷனுக்கு நான்கு குச்சி. இப்போது ஓரத்தில் ஒரு குச்சியைத் தனியாக ஒட்டி, "இது நூறு காலடி" என்று எழுதச் சொல்லுங்கள். வரைபடத்தின் அளவை என்று புத்தகம் சொல்வது இதைத்தான். பெரிய வரைபடங்களும் இப்படி நடந்து அளந்துதான் பிறந்தன என்பதையும் சொல்லுங்கள்: 1802இல் பரங்கிமலைப் பக்கம் எஃகுச் சங்கிலியை நிலத்தில் நீட்டி நீட்டி ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோட்டை அளந்தார் வில்லியம் லாம்டன். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும்பணிக்கு அதுவே அடித்தளம்.

மூன்றாம் படி: அச்சிட்ட வரைபடம்

இப்போதுதான் தமிழ்நாட்டு வரைபடத்தை எடுக்க வேண்டும். தரையில் விரித்து, வரைபடத்தின் வடக்கு உண்மையான வடக்கைப் பார்க்கும்படி திருப்பச் சொல்லுங்கள். திருச்சிமேல் பிள்ளையின் விரலை வைத்து, "சென்னை எந்தப் பக்கம்? கையை நீட்டு" என்று கேளுங்கள். கை வரைபடத்தைத் தாண்டி ஜன்னலைக் காட்டும். அந்த நொடிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

நூலால் தூரம் அளப்பதையும் இந்த வகுப்பிலேயே செய்துவிடலாம். ஒரு சென்டிமீட்டருக்கு 50 கிலோமீட்டர் என்ற அளவையுள்ள வரைபடத்தில் சென்னைக்கும் மதுரைக்கும் இடையே 8.4 சென்டிமீட்டர் வரும். அதாவது 420 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் அதைவிடக் கூடுதல். ஏன் என்று பிள்ளையே நூலைச் சாலையின் வளைவுகளில் வைத்துக் கண்டுபிடிக்கட்டும். நிறங்களுக்கும் குறியீடுகளுக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம். பார்க்கப் பார்க்கத் தானே பழகிவிடும்.

நான்காம் படி: தாம்பாளத்தில் ஓர் ஆறு

எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு இது. தாம்பாளத்தில் ஈரமணலைப் பரப்பி, மேற்குப் பக்கத்துக்கு அடியில் அரைச் செங்கல்லை வையுங்கள். மேட்டு ஓரம் குடகு, அங்கே தலைக்காவிரி. தாழ்ந்த ஓரம் பூம்புகார். பிள்ளை கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் தானே வழி தேடி ஓடும். "காவிரி ஏன் கிழக்கே ஓடுகிறது?" என்று அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவே வேண்டியதில்லை.

பாதி வழியில் நீளவாக்கில் ஒரு கூழாங்கல்லைப் பதியுங்கள். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து கல்லைச் சுற்றிக்கொண்டு போகும். பிரியும் இடம் முக்கொம்பு. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. நடுவில் உள்ள கல் ஸ்ரீரங்கம். அந்தப் பையன் கல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்படியென்றால் நாம் தீவில்தான் இருக்கிறோமா மிஸ்?" என்று கேட்டான். கல்லின் கிழக்கு முனையில் இரண்டு ஓட்டமும் மறுபடி நெருங்கிவரும். காவிரித் தண்ணீர் அங்கே கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் தடுத்து வயலுக்குத் திருப்பத்தான் கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணை. ஓர் ஐஸ் குச்சியை நட்டு, அணை செய்யும் வேலையைக் காட்டிவிடலாம்.

அதே தாம்பாளத்தில் மழையையும் சொல்லலாம். மேற்கு ஓரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை நிமிர்த்தி வையுங்கள். அது மேற்குத் தொடர்ச்சி மலை. துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் மேற்கிலிருந்து தெளித்தால் நோட்டின் முன்பக்கம் நனையும், பின்பக்கம் காய்ந்திருக்கும். ஜூனில் கேரளம் நனைய நமக்குப் பெரும்பாலும் காற்று மட்டும் வருவது இதனால்தான். அக்டோபரில் காற்று வடகிழக்கிலிருந்து வங்கக்கடல் ஈரத்தோடு வரும். பாட்டிலை அந்தப் பக்கம் கொண்டுபோய்த் தெளியுங்கள். ஈரக்காற்று மலையில் ஏறிக் குளிர்ந்துதான் மழையாகிறது, வெறுமனே மோதுவதால் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். விளையாட்டுக்காக உண்மையை வளைக்கக் கூடாது.

ஐந்தாம் படி: உலகத்தை உருட்டுவது

துபாயில் சித்தப்பா, சிங்கப்பூரில் மாமா என்று பல பிள்ளைகளுக்கு உறவு இருக்கும். பந்தில் மூன்று பொட்டு வையுங்கள்: நடுவில் திருச்சி, மேற்கே துபாய், கிழக்கே சிங்கப்பூர். அறையை இருட்டாக்கி, டார்ச் வெளிச்சத்தில் பந்தை மேற்கிலிருந்து கிழக்காகச் சுழற்றுங்கள். சிங்கப்பூருக்கு முதலில் விடியும், துபாய்க்குக் கடைசியில். நமக்குப் பகல் 12 மணி என்றால் சிங்கப்பூரில் பிற்பகல் 2.30, துபாயில் காலை 10.30. மாமாவுக்குப் போன் செய்து அங்கே மணி என்ன என்று பிள்ளையே கேட்டுச் சரிபார்க்கட்டும். தீர்க்கக்கோடுகளை இதற்குப் பிறகு காட்டுங்கள்.

பரீட்சைக்கும் பெற்றோருக்கும்

மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயர் தெரியாமல் இடத்தைப் பற்றிப் பேச முடியாது. எழுதுபொருள் கடையில் அவுட்லைன் மேப் என்று கேட்டு வாங்கி, வாரம் ஒன்றில் ஐந்து இடங்களை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் மதிப்பெண் கொடுப்பதில்லை.

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். ஊருக்குப் போகும்போது பிள்ளைக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்து, கையில் வரைபடத்தையும் கொடுக்கச் சொல்லுங்கள். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. எங்கே நிறம் மாறியது, எந்த ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம் என்று குறித்துக்கொண்டு வரட்டும். திரும்பி வந்ததும் அந்த வகுப்பில் நீங்கள் தரையில் உட்காருங்கள். பிள்ளை வரைபடத்தை விரித்து, வடக்கைப் பார்த்துத் திருப்பி வைத்து, உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.