முதல் முறை ரெய்கிக்குப் போகிறீர்களா?

ரெய்கி என்பது உடம்பில் லேசாகக் கை வைத்துச் செய்யும் ஒரு ஜப்பானிய முறை. தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் இருந்து முதன்முதலாக அதற்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு.

ஆடையைக் கழற்ற வேண்டியதே இல்லை. யாராவது கழற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். டர்பன் புழுக்கத்துக்குத் தளர்வான பருத்தி உடுப்பு போதும். மதியம் ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பித் தரும் 'பன்னி சாவ்' (bunny chow) உணவை ஒரு பிடி பிடித்துவிட்டு ஒரு மணி நேரம் மல்லாந்து படுப்பது கஷ்டம். கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

படுத்ததும் ரெய்கி செய்பவர்கள் தலை, தோள், வயிறு, பாதம் என்று ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் கையை லேசாக வைப்பார்கள், அல்லது சற்று மேலே பிடிப்பார்கள். தொடுவது பிடிக்காதென்றால் "கை படாமல் செய்யுங்கள்" என்று முன்பே சொல்லிவிடலாம். சிலருக்குக் கதகதப்பு, சிலருக்குக் கூச்சம். சிலர் குறட்டையே விடுவார்கள். வயிறு கடமுடாவென்று சத்தம் போட்டால் வெட்கப்பட வேண்டாம். ஒன்றுமே தெரியாமலும் போகலாம். ரெய்கி செய்பவர் மனம் கோணக்கூடாதென்று "ஆமா, சூடா இருந்துச்சு" என்று சொல்லாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 1922இல் ஜப்பானில் மிக்காவோ உசுயி தொடங்கிய இந்த முறை நோயைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான அறிவியல் ஆதாரம் இல்லை. மனம் இளைப்பாறும், அவ்வளவுதான். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடம் மறுபடி போகாதீர்கள். கட்டணத்தையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முடிந்ததும் சட்டென்று எழாமல், தண்ணீர் குடித்து, தூக்கக் கலக்கம் தெளிந்த பிறகு காரை எடுங்கள்.