காபியை விடாமல் காஃபினைக் குறைப்பது எப்படி?

பெங்களூருவில் இருந்துகொண்டு காபியை நிறுத்து என்றால் யார் கேட்பார்கள்? அதனால் நிறுத்த வேண்டாம், குறைப்போம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அதுதான் தூக்கத்தைக் கொண்டுவருவது. அது உட்கார வேண்டிய இடத்தில், பஸ்ஸில் துண்டு போட்டு வைக்கிற மாதிரி, காபியில் இருக்கும் காஃபின் முந்திக்கொள்கிறது. சோர்வு அப்படியேதான் இருக்கும், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முதல் வேலை, கடைசி காபியின் நேரத்தை மாற்றுங்கள். குடித்த காஃபினில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும் (ஆளுக்கு ஆள் மாறும், கர்ப்பிணிகளுக்கு இன்னும் மெதுவாகத்தான் கழியும்). சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து வந்து ராத்திரி 7 மணிக்குத் தர்ஷினியில் (நின்றே சாப்பிடும் சின்ன ஹோட்டல்) நின்றபடி ஒரு காபி குடித்தால், 12 மணிக்கும் அதில் பாதி உள்ளே இருக்கிறது. மதியம் 2 மணியோடு முடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பாதாம் பாலோ கஷாயமோ சொல்லலாம். கிரீன் டீ வேண்டாம், அதிலும் காஃபின் உண்டு.

அடுத்து, பொடி. கண்ணெதிரே அரைத்துத் தருகிற கடைக்குப் போய் ரொபஸ்டா கலக்காமல் பிளான்டேஷன் கேளுங்கள், அது அராபிகா (இரண்டும் காபிக்கொட்டை வகைகள்). ரொபஸ்டாவில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காபியும் சிக்கரியும் 80:20 கலந்து வாங்குகிறவர்கள் 70:30, அப்புறம் 60:40 என்று போகலாம். சிக்கரியில் காஃபினே கிடையாது, ஆனால் டிகாஷனுக்கு நிறமும் கனமும் அதுதான் தருகிறது என்பதால் டம்ளரைப் பார்த்து யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எங்கள் அப்பா மட்டும் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

பிறகுதான் எண்ணிக்கை. ஒரேயடியாக நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும், ஒரு வாரம் வரைகூட இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை லேட்டாக எழுந்தால் தலை கனக்கிறதே, அதற்கும் பல நேரம் இதுதான் காரணம். அதனால் சில நாளுக்கு ஒரு முறை அரை டம்ளர் குறைத்தால் போதும். ஆபீஸ் நண்பரோடு பை-டூ (ஒரு காபியை இரண்டாகப் பிரித்து) சொல்லிவிட்டால் கஷ்டமே இல்லை.

எவ்வளவு குடிக்கலாம்? ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை பரவாயில்லை, கர்ப்பிணிகளுக்கு 200. படபடப்பு இருந்தால் கணக்குப் போடாமல் டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு டீயும் காபியும் வைத்துக்கொள்ள வேண்டாம், உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.